பர்பிள் கேங்: அல் கபோனே பயந்த கும்பலா?

12 ஜனவரி, இழையைத் தொடங்கிய கேள்வி

யூடியூபில் ஒரு வீடியோ பார்த்தேன். அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்தபோது டெட்ராயிட்டில் பர்பிள் கேங் என்று ஒரு யூத கும்பல் இருந்ததாம். ஆற்றில் படகு விட்டு கனடா விஸ்கியைக் கடத்தி ஊரையே ஆண்டார்களாம். சிகாகோவின் கள்ளச்சாராய தாதா அல் கபோனே இவர்களுக்குப் பயந்து அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லையாம். எவ்வளவு உண்மை? யூதர் என்றால் படிப்பு, வியாபாரம் என்றுதானே கேள்விப்பட்டிருக்கிறோம். ரவுடிக் கும்பலுமா?

12 ஜனவரி, இரவு

கும்பல் இருந்தது உண்மை. யூதப் பையன்கள் என்பதும் உண்மை. படகு விட்டு ஊரை ஆண்டார்கள் என்பதில்தான் எனக்குத் தகராறு.

நான் குடியிருப்பது ஆற்றுக்கு இந்தப் பக்கம், கனடாவின் விண்ட்சரில், வேலை அந்தப் பக்கம். அதனால் இந்த ஆற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். வரைபடத்தில் பார்த்தால் சிரிப்பு வரும், இந்த இடத்தில் மட்டும் கனடா தெற்கே, அமெரிக்கா வடக்கே. நகரத்துக்கு நேரே ஆறு ஒரு மைல்கூட அகலமில்லை. எங்கள் கரையில் ஹைரம் வாக்கர் சாராய ஆலை. அது இன்றைக்கும் ஓடுகிறது, காற்று திரும்பினால் புளித்த தானிய வாடை தெரு முழுக்க வரும். எதிர்க்கரையில் ஹென்றி ஃபோர்டு 1914-இல் நாளுக்கு 5 டாலர் கூலி என்று அறிவித்த பிறகு ஊதிப் பெருத்த நகரம். 1910-இல் நாலே முக்கால் லட்சத்துக்கும் குறைவு, 1930-இல் பதினைந்தரை லட்சத்துக்கு மேல். கையில் காசு, உடம்பில் அலுப்பு, குடிக்கத் தடை. இந்த மூன்றும் ஒரே ஊரில் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஒரு முக்கியமான விஷயத்தை வீடியோக்காரர்கள் விட்டுவிடுவார்கள். நாடு முழுக்க மதுவிலக்கு வந்தது 1920 ஜனவரியில். மிச்சிகன் மாநிலம் அதற்கு முன்பே, 1918 மே 1 அன்றே, கடையை மூடிவிட்டது. மற்ற ஊர்க்காரர்கள் தொழில் கற்கத் தொடங்கியபோது டெட்ராயிட்காரனுக்கு ஒன்றரை வருட அனுபவம் இருந்தது. முதலில் சரக்கு கனடாவிலிருந்து வரவில்லை, தெற்கே ஓஹையோவின் டொலீடோவிலிருந்து சாலை வழியாக வந்தது. 1919 பிப்ரவரியில் மிச்சிகன் உச்ச நீதிமன்றம் மாநிலத்தின் மதுவிலக்குச் சட்டம் ஒன்றைச் செல்லாது என்று சொன்னதும் அந்தச் சாலையில் கார்கள் முட்டி மோதிக்கொண்டு போயிருக்கின்றன. அந்த மே மாதம் ஓஹையோவும் மூடிய பிறகுதான் எல்லோரும் ஆற்றைத் திரும்பிப் பார்த்தார்கள்.

12 ஜனவரி, தூக்கம் வராமல்

என் தகராறு என்ன என்று சொல்லாமலே போய்விட்டேன்.

பர்பிள் கும்பல் பெயர் வாங்கியது கடத்தலுக்காக இல்லை. கடத்திக்கொண்டு வந்தவனை அடித்துப் பிடுங்கியதற்காக. இரவெல்லாம் படகோட்டி சரக்கை இறக்கியவன் வேறு ஆள். அதைக் கரையிலோ சாலையிலோ துப்பாக்கி காட்டி வாங்கிக்கொண்டவர்கள் இவர்கள். போலீஸுக்குப் போக முடியாதவனிடம் திருடுவதுபோல் நிம்மதியான திருட்டு உண்டா? கடத்தலுக்குப் படகு வேண்டும், ஆலையில் ஆள் வேண்டும், வாங்குகிறவன் வேண்டும். இதற்குத் துப்பாக்கியும் கெட்ட பெயரும் போதும். கெட்ட பெயர் முற்றியதும் அதற்கே மாமூல் வந்தது. சூதாட்டக்காரர்களைக் கடத்திப் பணயத்தொகை வாங்கினார்கள். கள்ள மதுக்கடைகளுக்கு (டெட்ராயிட்டில் "பிளைண்ட் பிக்" என்பார்கள், பல ஆயிரம் இருந்தன) "பாதுகாப்பு" என்று வசூலித்தார்கள். யாரிடமிருந்து பாதுகாப்பு? இவர்களிடமிருந்துதான்.

13 ஜனவரி

பெயர்க்காரணம் கேட்டவருக்கு: கெட்டுப்போன இறைச்சியின் நிறம் என்று ஒரு கடைக்காரர் திட்டியதாக ஒரு கதை, ஊதா நீச்சல் உடை என்று ஒரு கதை, சாயப்பட்டறை என்று ஒரு கதை. எதற்கும் ஆதாரமில்லை. எல்விஸ் பிரெஸ்லியின் 1957 பாட்டு ஒன்றில் இந்தப் பெயர் வரும், பாதிப் பேருக்குத் தெரிந்திருப்பதே அதனால்தான். அடுத்த கேள்விக்குப் போவோம்.

14 ஜனவரி

"யார் இவர்கள், குடும்பம் என்ன" என்று சேலத்து நண்பர் கேட்டிருந்தார்.

நடுநாயகம் பெர்ன்ஸ்டீன் சகோதரர்கள்: ஏப், ரே, ஜோ, இஸி. ரஷ்யப் பேரரசிலிருந்து வந்த யூதக் குடும்பம், அப்பா செருப்புத் தைக்கும் தொழிலாளி. குடியிருப்பு டெட்ராயிட்டின் கிழக்குப் பக்கம், ஹேஸ்டிங்ஸ் தெரு வட்டாரம். அங்கே பிஷப் என்ற பள்ளி, அதில் அடங்காத பையன்களுக்கென்று தனிப் பிரிவு. இந்தப் பட்டியலில் உள்ள பல பெயர்கள் அந்தத் தனிப் பிரிவில் ஒன்றாக உட்கார்ந்தவை. முதலில் தள்ளுவண்டியில் பழம் திருடினார்கள், அப்புறம் கடைக்காரனை மிரட்டினார்கள், அப்புறம் குடிகாரனின் பையைத் தடவினார்கள். இருபது வயது ஆகும்போது சட்டமே அவர்களுக்கு ஒரு தொழிலைத் திறந்துவைத்தது.

ஹேஸ்டிங்ஸ் தெருவைத் தேடிப் போகாதீர்கள். யூதர்கள் வடமேற்கே நகர்ந்த பிறகு அது கறுப்பின மக்களின் கடைவீதியானது, இசைக்குப் பேர்போனது. பிறகு நெடுஞ்சாலை போடுகிறோம் என்று அரசாங்கம் மொத்தத்தையும் இடித்தது. இன்று அது கிரைஸ்லர் ஃப்ரீவே. நான் வேலைக்குப் போவது அதன் மேல்தான், அதுவும் பாதி நாள் போக்குவரத்தில் மாட்டிக்கொண்டு. ஒரு கல்வெட்டுகூட என் கண்ணில் பட்டதில்லை.

15 ஜனவரி

இழை கொஞ்சம் சூடாகிவிட்டது. "யூதர்கள்தான் அமெரிக்காவின் கள்ளச்சாராயத்தையே நடத்தினார்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இந்த வாக்கியத்துக்கு ஊர் எது தெரியுமா? டெட்ராயிட்டை ஒட்டிய டியர்பார்ன். ஹென்றி ஃபோர்டு சொந்தமாக நடத்திய டியர்பார்ன் இண்டிபெண்டன்ட் பத்திரிகை 1920 முதல் யூதர்களைத் தூற்றி வாராவாரம் தொடர் போட்டது. ஃபோர்டு கார் விற்கும் ஏஜென்ட்கள் தலையில் கட்டி நாடு முழுக்க விற்றார்கள். சாராயமும் அந்தக் குற்றப்பட்டியலில் ஒன்று. 1927-இல் ஏரன் சபீரோ தொடுத்த அவதூறு வழக்குக்குப் பிறகு ஃபோர்டு மன்னிப்புக் கேட்டார், பத்திரிகையும் நின்றது.

எனக்குப் பிடித்த ஆள் இந்தக் கதையில் ராபை (யூத மதகுரு) லியோ ஃபிராங்க்ளின். ஃபோர்டின் பழைய அண்டை வீட்டுக்காரர். ஆண்டுதோறும் ஃபோர்டு அவருக்கு ஒரு புதுக் கார் பரிசாக அனுப்புவார். 1920-இல் தொடர் வெளிவரத் தொடங்கியதும் ஃபிராங்க்ளின் காரைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஃபோர்டுக்கு அதிர்ச்சி, "என்ன ஆயிற்று இவருக்கு?" என்கிற மாதிரி. "நல்ல யூதர்கள்" கோபித்துக்கொள்ள இதில் என்ன இருக்கிறது என்பது அவர் எண்ணம்.

இப்போது யோசித்துப் பாருங்கள். அந்த ஊரில், அந்த வருடங்களில், நாளிதழின் முதல் பக்கத்தில் கெய்வெல், ஃபிளைஷர், ஆக்ஸ்லர் என்று இந்தக் கும்பல்காரர்களின் பெயர்கள் வருகின்றன. தையல் கடையோ இறைச்சிக் கடையோ வைத்துப் பிழைக்கும் யூதருக்கு இரண்டு பக்கமும் அடி. பத்திரிகையில் ஃபோர்டு திட்டுகிறார், வாசலில் பர்பிள் பையன் வசூலுக்கு நிற்கிறான். இவர்கள் கை வைத்தது பெரும்பாலும் சொந்த மக்கள் மேல். வழக்குப் பதிவுகளில் செத்தவன் பெயரையும் கொன்றவன் பெயரையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒரே தெருவின் வாக்காளர் பட்டியல்போல இருக்கும்.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். மதுவிலக்குச் சட்டம் யூத வீடுகளின் சடங்குக்கு ஒயின் அனுமதித்தது. ராபை கையெழுத்துப் போட்டு வாங்கித் தன் சபையினருக்குக் கொடுக்கலாம். உடனே போலி ராபைகள் முளைத்தார்கள், இல்லாத சபைக்கு ஒயின் வாங்கினார்கள். மானம் போகிறதே என்று லூயிஸ் கின்ஸ்பெர்க் என்ற பெரிய அறிஞர் 1922-இல், புளிக்காத திராட்சைச் சாறே சடங்குக்குப் போதும் என்று தீர்ப்பு எழுதினார். நியூயார்க்கில் மதுவிலக்கு அதிகாரிகளில் பெயர் பெற்றவர்கள் இஸி ஐன்ஸ்டீன், மோ ஸ்மித், இருவரும் யூதர்கள். மாறுவேடம் போட்டு 4,932 பேரைப் பிடித்ததாகக் கணக்கு. திருடனும் யூதன், பிடித்தவனும் யூதன், தீர்ப்பு எழுதியவரும் யூதர். இனத்தை வைத்து என்ன கணக்குப் போடுவீர்கள்?

15 ஜனவரி, பின்னிரவு

டொராண்டோ அக்கா தனிச்செய்தியில் குட்டு வைத்தார்: "நாட்டாமை மாதிரி பேசாதே, கதையைச் சொல்லு." சரி.

17 ஜனவரி

கதை. இவர்களுடைய முதல் பெரிய வசூல் வேட்டை சாராயத்தில் இல்லை, சலவையில்!

1920-களில் டெட்ராயிட்டில் துணி வெளுப்பதும் சாயம் போடுவதும் பெரிய தொழில். தெருமுனைக் கடையில் கோட்டைக் கொடுப்பீர்கள், அவர் மொத்தமாக ஆலைக்கு அனுப்புவார். போட்டியில் விலை விழுந்துகொண்டே போனது. 1925-இல் ஆலைக்காரர்கள் விலையைக் கட்டுப்படுத்த ஒரு சங்கம் அமைத்தார்கள். சேராதவனைச் சேர வைக்க யாராவது வேண்டுமே. ஏப் பெர்ன்ஸ்டீனின் மைத்துனர் சார்லஸ் ஜேகபி ஒரு ஆலை முதலாளி. நகரத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவர் ஃபிரான்சிஸ் மார்ட்டெலின் பெயரும் இதில் அடிபட்டது. பர்பிள் பையன்கள் களத்தில் இறங்கினார்கள். வாரச் சந்தா கட்டாதவனின் கண்ணாடி உடைந்தது, துணி ஏற்றிய வண்டி பாதி வழியில் காணாமல் போனது, ஆலையில் டைனமைட் வெடித்தது. எதிர்த்து நின்ற இருவர் கொல்லப்பட்டார்கள்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம், நாற்றக் குண்டு. வாடிக்கையாளர்களின் துணிமேல் அதை வீசிவிட்டால் போதும். கொலை செய்தால் போலீஸ் வரும். நாறினால் வாடிக்கையாளர் வரமாட்டார். கடைக்காரனுக்கு எது பெரிய பயம் என்று தெரிந்து வைத்திருந்தார்கள், கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் அல்லவா.

1928-இல் வழக்கு வந்தது. முதலாளிகள் கூண்டேறிச் சாட்சி சொன்னார்கள். செப்டம்பரில் நடுவர் குழு எல்லோரையும் விடுதலை செய்தது. ஆனாலும் சலவை வசூல் அத்தோடு முடிந்தது, ஊர் முழுக்க முகம் தெரிந்துவிட்டதே.

18 ஜனவரி

கபோன் கேள்விக்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை என்று புகார். பயம் என்பதெல்லாம் சும்மா. கபோனுக்கு டெட்ராயிட்டிலிருந்து கனடிய விஸ்கி வேண்டும், அதற்காகச் சொந்த ஆட்களை இங்கே கொண்டுவந்து சண்டை போடுவதைவிட இவர்களிடமே வாங்குவது மலிவு. கொள்முதல் ஏற்பாட்டுக்குப் பயம் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

1929 பிப்ரவரி 14, சிகாகோவில் காதலர் தினத்தன்று, கபோனின் எதிரி பக்ஸ் மோரன் கும்பலின் கார் கொட்டகையில் ஏழு பேர் சுட்டுக் கொல்லப்பட்டது தெரிந்திருக்கும். கடத்திப் பிடித்த விஸ்கி வருகிறது என்று மோரனுக்கு ஆசை காட்டி ஏப் பெர்ன்ஸ்டீன்தான் தொலைபேசியில் பேசினார் என்பது இன்றுவரை ஓடும் கதை. எதிர்ப்புறம் வேவு பார்த்தவர்களுக்கு அறை வாடகைக்கு விட்ட பெண்கள் போலீஸ் காட்டிய படங்களில் பர்பிள் ஆட்களைக் காட்டினார்கள். அந்த அடையாளம் பிறகு நிற்கவில்லை. இவர்களில் ஒருவர்மேலும் அந்த வழக்கு வரவில்லை.

நிற்கிற தொடர்பு ஒன்று உண்டு. ஃபிரெட் பர்க். 1927 மார்ச்சில் டெட்ராயிட்டின் மிலாஃப்ளோர்ஸ் குடியிருப்பில் மூன்று பேரை எந்திரத் துப்பாக்கியால் சுட்டார்கள், அந்த ஊரில் அந்தத் துப்பாக்கி பேசியது அதுவே முதல் தடவை. அதில் பர்க் மேல் சந்தேகம். 1929 டிசம்பரில் மிச்சிகனிலேயே ஒரு போலீஸ்காரரைச் சுட்டுவிட்டு ஓடினார். வீட்டைச் சோதித்தால் இரண்டு எந்திரத் துப்பாக்கிகள். குண்டுகளை ஒப்பிட்டதில் சிகாகோ கொலைக்குப் பொருந்தின. பர்க் யூதரும் இல்லை, டெட்ராயிட்காரரும் இல்லை. கூலிக்கு வந்த ஆள்.

21 ஜனவரி

"கடத்தல்காரர்கள் இல்லை, பிடுங்கிகள்" என்று எழுதியதைப் பற்றி மறுபடி யோசித்தேன். அது பெர்ன்ஸ்டீன் வட்டத்துக்குச் சரி, முழுக் கும்பலுக்கும் கொஞ்சம் நீட்ட வேண்டும்.

இவர்களுக்கு மூத்தவர்கள் சார்லஸ் லைட்டர், ஹென்றி ஷோர் என்று இருவர். ஓக்லண்ட் தெருவில் சர்க்கரை மொத்தக் கடை வைத்திருந்தார்கள். சோளச் சர்க்கரை விற்பது குற்றமில்லை. வீட்டில் காய்ச்சுகிறவனுக்கு அதுதான் மூலப்பொருள். சட்டப்படி சர்க்கரை விற்றுக்கொண்டே யார் எவ்வளவு வாங்குகிறான், எங்கே காய்ச்சுகிறான் என்று கணக்கு வைத்திருக்கலாம். வாங்குகிறவன் வளர்ந்தால் பங்கு கேட்கலாம். இளைய பையன்களை முதலில் அடியாட்களாக எடுத்தவர்கள் இவர்கள்தான்.

அடுத்தது கலப்படக் கிடங்கு. நல்ல கனடிய விஸ்கி ஒரு பாட்டிலைத் தண்ணீர், ஆல்கஹால், நிறம் சேர்த்துப் பல பாட்டில்களாக்கி, போலி லேபிள் ஒட்டுவது. லாபம் உண்மையில் அங்கேதான். 1930-இல் அப்படி ஒரு இடத்துக்குப் பக்கத்தில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததாக ஒரு கறுப்பினச் சிறுவனை ஃபில் கெய்வெல் சுட்டுக் கொன்றார். ஆர்தர் மிக்ஸன் அவன் பெயர். கெய்வெலுக்கு ஆயுள் தண்டனை. அதுவரை இவர்கள்மேல் கொலை வழக்கு நின்றதே கிடையாது, சாட்சி மறந்துபோவார் அல்லது ஊரைவிட்டுப் போவார். மிக்ஸன் எந்தக் கும்பலையும் சேர்ந்தவன் இல்லை. வீடியோக்களில் கபோன் பெயர் வரும், இந்தப் பையன் பெயர் வராது.

22 ஜனவரி

குளிரில் ஆறு உறைந்தால் என்ன செய்தார்கள் என்ற கேள்விக்கு: காரிலேயே போனார்கள். பழைய ஓட்டைக் கார், பனி உடைந்தால் குதிக்க வசதியாகக் கதவுகளைக் கழற்றிவிட்டு. விரிசல் இருந்தால் பலகை போட்டுக் கடப்பது. செயின்ட் கிளேர் ஏரியில் இன்றும் குளிர்காலத்தில் மீன்பிடிக்காரர்கள் பனிமேல் குடிசை போட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். அதன்மேல் நடக்கவே எனக்குத் தொடை நடுங்கியது. முன்னே போகிறவன் மூழ்கிவிட்டான் என்று தெரிந்தும் பின்னால் சரக்கோடு ஓட்டிப்போனவன் நெஞ்சு எப்படி இருந்திருக்கும்!

கோடையில் காகிதம்தான் படகு. ஒண்டாரியோவில் 1927 வரை குடிக்கத் தடை, ஆனால் தயாரித்து ஏற்றுமதி செய்யத் தடை இல்லை. அமெரிக்காவுக்கு என்று எழுதாமல் கியூபாவுக்கு என்று எழுதினால் சுங்கத்தில் கையெழுத்து. ஒரு சின்னப் படகு காலையில் கியூபா கிளம்பி மதியம் திரும்பிவந்து மறுபடி கியூபா கிளம்பும். எழுதிக் கொடுத்தவருக்கும் தெரியும், ஓட்டியவருக்கும் தெரியும். 1930-இல் கனடா சட்டத்தை இறுக்கும்வரை இது நடந்தது. இன்று அதே சுங்கத்தில் நான் ஒரு ஜாடி ஆவக்காய் ஊறுகாய்க்கு அரை மணிநேரம் விளக்கம் சொல்லியிருக்கிறேன். எண்ணெயில் மிதக்கும் சிவப்பு எது என்று அந்த அதிகாரிக்குக் கடைசிவரை புரியவில்லை.

25 ஜனவரி

காலிங்வுட் கொலைகள் பற்றி எல்லோரும் கேட்கிறீர்கள். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், கும்பலின் முதுகெலும்பு முறிந்தது அங்கேதான்.

சிகாகோவிலிருந்து வந்த மூன்று பேர்: ஹைமி பால், ஜோ லெபோவிட்ஸ், இஸி சட்கர். இவர்களும் யூதர்கள், படகுகள் வைத்திருந்ததால் "குட்டி யூதக் கடற்படை" என்று பெயர். பர்பிள் ஆட்களுக்கு வேலை பார்த்தவர்கள், பிறகு தனிக்கடை போட்டார்கள். யார் எல்லை எது என்று பார்க்காமல் வசூல், கடனுக்குச் சரக்கு வாங்குவது, கலந்து விற்பது, வாங்கிய இடத்துக்கே விலையைக் குறைத்து அடிப்பது. 1931 செப்டம்பரில் முன்னாள் படைவீரர்களின் பெரிய மாநாடு டெட்ராயிட்டில் நடக்க இருந்தது. சரக்கு கரைபுரண்டு ஓடும், மாநாடு முடிந்ததும் கடனை அடைக்கிறோம் என்றார்கள். இவர்களோடு பந்தயச் சூதாட்டம் நடத்திய பங்காளி சாலி லெவின். இந்த லெவினும் ரே பெர்ன்ஸ்டீனும் சின்ன வயதுச் சிநேகிதர்கள். இதை மறந்துவிடாதீர்கள்.

ரே சமாதானம் பேச அழைத்தார். செப்டம்பர் 16, பிற்பகல், காலிங்வுட் அவென்யூவில் ஒரு குடியிருப்பு, இரண்டாம் மாடி, 211-ஆம் எண். நால்வரும் ஆயுதம் எடுக்காமல் போனார்கள். சமாதானம் பேச யாராவது துப்பாக்கியோடு போவார்களா என்பது அவர்கள் நியாயம். உள்ளே ரேயோடு ஹாரி ஃபிளைஷர், ஹாரி கெய்வெல் (ஃபில்லின் சகோதரர்), இர்விங் மில்பெர்க். வந்தவர்களைச் சோபாவில் உட்காரவைத்தார்கள். சுருட்டு, ஊர்க்கதை. கணக்கு எழுதுகிறவர் இன்னும் வரவில்லையே, போய்க் கூட்டிவருகிறேன் என்று ரே எழுந்து கீழே போனார். கொஞ்ச நேரத்தில் தெருவில் காரின் எஞ்சின் உறுமுகிறது, ஹாரன் கத்துகிறது. அந்தச் சத்தத்துக்குள் மேலே சுட்டார்கள். மூன்று பேரும் எழுந்திருக்கக்கூட இல்லை.

லெவினை மட்டும் தொடவில்லை. கூடவே இழுத்துக்கொண்டு ஓடினார்கள். போகிற வழியில் துப்பாக்கிகளைச் சமையலறையில் இருந்த பச்சைப் பெயின்ட் டப்பாவில் போட்டுவிட்டார்கள், கைரேகை போகட்டும் என்று. திட்டத்தில் இவ்வளவு நுணுக்கம். ஆனால் எல்லாவற்றையும் பார்த்த ஒருவனை, பள்ளிச் சிநேகிதன் என்பதற்காக, உயிரோடு விட்டுவிட்டார்கள். அவன் வாயையும் பிறகு அடைத்துப் பழியை அவன்மேல் போடத் திட்டம் இருந்தது என்று சிலர் சொல்வார்கள். எப்படியோ, போலீஸ் லெவினைத் தூக்கியது, பயந்து நடுங்கிய லெவின் பெயர்களைச் சொன்னார்.

நவம்பரில் ரே, கெய்வெல், மில்பெர்க் மூவருக்கும் ஆயுள், பரோல் கிடையாது. மிச்சிகனில் கொலைக்கு மரண தண்டனை 1847-இலிருந்தே கிடையாது. அதே 1931 ஏப்ரலில் அதைத் திரும்பக் கொண்டுவரலாமா என்று மக்களிடம் வாக்கெடுத்து, மக்களே வேண்டாம் என்றிருந்தார்கள். ரவுடிகள் தெருவில் சுடும் காலத்தில் அப்படி வாக்களித்த ஊர் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம். மூவரும் வடக்கே மார்க்கெட் என்ற ஊரின் சிறைக்குப் போனார்கள். மில்பெர்க் 1938-இல் உள்ளேயே இறந்தார். ரே 1964-இல் நோயாளியாக வெளியே வந்து இரண்டே வருடத்தில் இறந்தார். கெய்வெல் 1965-இல் வெளியே வந்தார். ஃபிளைஷர் தலைமறைவாகி மறு வருடம் சரணடைந்தார். அதற்குள் லெவினைச் சாட்சிக்குக் கொண்டுவர முடியவில்லை, வழக்கு கைவிடப்பட்டது.

26 ஜனவரி

"அந்தப் பெயின்ட் வேலை செய்ததா?" என்று ஒருவர். சாட்சி உயிரோடு இருக்கும்போது கைரேகை எதற்கு ஐயா.

2 பிப்ரவரி

மதுவிலக்கு முடிந்ததால் கும்பல் முடிந்தது என்று எழுதியிருக்கிறார்கள். வரிசை அப்படி இல்லை. மதுவிலக்கை ரத்து செய்யும் திருத்தத்துக்கு முதலில் ஒப்புதல் தந்த மாநிலமே மிச்சிகன், 1933 ஏப்ரலில். நாடு முழுக்க முடிந்தது டிசம்பரில். அதற்குள் இவர்களில் பாதிப் பேர் சிறையிலோ மண்ணிலோ இருந்தார்கள். ஏப் ஆக்ஸ்லரும் எடி ஃபிளெட்சரும் எப்போதும் ஒன்றாகவே திரிவதால் ஒட்டிப் பிறந்த இரட்டையர் என்று பெயர். 1933 நவம்பரில் ஊருக்கு வெளியே ஒரு காரின் பின்னிருக்கையில் இருவரும் சுடப்பட்டுக் கிடந்தார்கள். கொன்றவர்கள் இருவரின் கையையும் சேர்த்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

என் கணிப்பு: இவர்கள் எதையும் கட்டியெழுப்பவில்லை. லிக்காவோலி, ஜெரில்லி முதலான இத்தாலியக் கும்பல்காரர்கள் பக்கம் படிநிலை இருந்தது, ஒருவர் போனால் அடுத்தவர் இருந்தார். இவர்களிடம் நட்பு இருந்தது, பள்ளிக்கூட நட்பு. அதை வைத்துக் கடை நடத்த முடியாது. ஏப் பெர்ன்ஸ்டீன் சண்டை இல்லாமல் இத்தாலியர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கினார். ஹாரி மில்மன் மட்டும் முறைத்துக்கொண்டு நின்றார். 1937-இல் அவர் காரில் குண்டு வைத்தார்கள், செத்தது வண்டியை எடுக்கப் போன வேலையாள். நவம்பரில் பன்னிரண்டாம் தெருவில் ஒரு உணவக மதுக்கூடத்தில் நின்றுகொண்டிருந்தவரைச் சுட்டுவிட்டார்கள்.

புத்திசாலி என்றால் மோ டேலிட்ஸ். மிச்சிகனில் வளர்ந்தவர், குடும்பத் தொழில் சலவை. காலாகாலத்தில் கிளீவ்லாந்துக்கு இடம்மாறி, 1950-இல் லாஸ் வேகஸில் டெசர்ட் இன் சூதாட்ட விடுதியில் முதலாளியாக உட்கார்ந்தார். இன்னொரு பக்கம் கனடாவில் சாமுவேல் பிரான்ஃப்மன், அவரும் யூதர், 1928-இல் சீக்ரம் ஆலையை வாங்கி உலகப் பெரும் பணக்காரர் ஆனார். அதே காலம், அதே விஸ்கி. எல்லைக்கு இந்தப்பக்கம் அது தொழில்.

3 பிப்ரவரி

"இவர்கள் அமெரிக்க நாஜிகளின் கூட்டங்களை அடித்துக் கலைத்தார்களாமே" என்று மதுரைத் தம்பி. அது 1930-களின் பிற்பாதியில் நியூயார்க், நெவார்க் பக்கம், வேறு ஆட்கள். பர்பிள் கணக்கில் அந்தப் புண்ணியத்தை எழுத வேண்டாம்.

20 பிப்ரவரி

இழை தூங்கிவிட்டது என்று நினைத்தேன். ஹாரி ஃபிளைஷர் அப்புறம் என்ன ஆனார் என்று ஒருவர் எழுப்பிவிட்டார்.

அவர் கதை அரசியலில் போய் முடிகிறது. 1945 ஜனவரி 11, மிச்சிகன் மாநில செனட்டர் வாரன் ஹூப்பர் தலைநகர் லான்சிங்கிலிருந்து வீடு திரும்பும் வழியில் காருக்குள் சுட்டுக் கொல்லப்பட்டார். சட்டமன்ற லஞ்சத்தை விசாரித்த கிம் சிக்லரிடம் சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டிருந்தவர். சில நாளில் சாட்சிக் கூண்டு ஏற வேண்டும். அவர் சாட்சி யாரைச் சுட்டும் என்று எல்லோருக்கும் தெரியும், குடியரசுக் கட்சியின் பெரிய புள்ளி ஃபிராங்க் மெக்கே. கொலைக்குச் சதி செய்ததாகத் தண்டனை பெற்ற நால்வர்: ஹாரி ஃபிளைஷர், அவர் தம்பி சாம், மைக் செலிக், பீட் மஹோனி. பதினான்கு வருடத்துக்கு முன் காலிங்வுட் வழக்கில் தப்பிய அதே ஃபிளைஷர். சாராயம் சட்டப்படி கிடைத்து எவ்வளவோ காலம் ஆன பிறகும் இந்தப் பழைய பையன்களுக்கு ஆள் தேடி வந்தது பாருங்கள், இம்முறை கோட்டு சூட்டுப் போட்ட இடத்திலிருந்து. லஞ்ச விசாரணையில் கிடைத்த பெயரை வைத்து சிக்லர் 1946 தேர்தலில் ஆளுநர் ஆனார். மெக்கேமேல் எந்தக் குற்றமும் நிற்கவில்லை. ஹூப்பரைச் சுட்டதாக ஒருவர்மேலும் கொலைக் குற்றம் நிரூபிக்கப்படவும் இல்லை.